தலை இல்லாத ஆடும் பிலோமினா அக்காவும்

மரியதாஸ் அண்ணை தொலைபேசியில் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் மணி அடித்தால் எடுப்பது எப்போதும் அவருடைய மனைவி பிலோமினா அக்காதான். அண்ணை பின்னால் எங்கோ இருந்துகொண்டு "நானும் சுகம் கேட்டதாச் சொல்லும்" என்பார், அவ்வளவுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எடுத்தேன். "யோகா" என்று அண்ணையின் குரல் கேட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. இருந்தாலும் சொன்னார்: "விடியப்புறம் போயிட்டா பிள்ளை. நித்திரையிலதான் போனவ." நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். என் கணவர் எட்டிப் பார்த்தார். வெங்காயத்துக்குத்தான் கண்ணைத் துடைக்கிறேன் என்று நினைத்து, வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒக்லாந்தில் இருக்கும் நம்மவர்களில் பிலோமினா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் தெரிந்தது என்ன என்பதில்தான் எனக்குச் சண்டை. சிலருக்கு அவர் மன்னாரிலிருந்து வந்த மிருக வைத்தியர். சிலருக்கு மாதா கோயில் பாடற்குழுவில் எல்லோரையும் முந்திக்கொண்டு பாடுகிறவர். இன்னும் சிலர் அவருக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், அந்தப் பேரை அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அதைப் பிறகு எழுதுகிறேன். அந்தப் பேர் அவர் காதில் விழுந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். நம் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு ஒரு அஞ்சலி எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்கள் ஒரு பக்கம் போதும் என்றார்கள். அக்காவை ஒரு பக்கத்துக்குள் அடக்க என்னால் முடியாது. அவர் இருந்தபோதே அவரை யாராலும் அடக்க முடிந்ததில்லை.

நான் அவரைச் சந்தித்தது கவுன்சிலின் நாய்க் காப்பகத்தில். தெருவில் பிடிபட்ட நாய்களையும், வேண்டாம் என்று கொண்டுவந்து விடுகிற நாய்களையும் அடைத்து வைக்கிற இடம். எனக்கு அங்கே முன்மேசையில் தட்டச்சு வேலை. நாய் என்றால் எனக்கு அப்போது பயம். வேலை கிடைக்கிறதே என்று போய்விட்டேன். முதல் நாளே உள்ளிருந்து ஒரு குரல், "ஆரது தமிழ்ப் பிள்ளையோ? வாரும், வாரும், கதவைச் சாத்திப்போட்டு வாரும்!" என்றது. தன் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய வெள்ளைக் கோட்டைக் கைமடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாயின் வாய்க்குள் கையை விட்டபடி அவர் நின்றார். கையை எடுக்காமலே என் ஊர், என் அம்மாவின் ஊர், என் கணவரின் வேலை எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். நாய் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாய்களோடு அவர் தமிழில்தான் பேசுவார். ஆங்கிலத்தில் சகலமும் பேசத் தெரிந்தவர், இந்த நாட்டில் மறுபடி பரீட்சை எழுதித் தேறியவர். நாயைக் கண்டால் மட்டும் தமிழ். ஒருமுறை கேட்டேன், இந்த ஊர் நாய்களுக்கு எப்படி விளங்கும் என்று. "தமிழ் விளங்காத நாய் உலகத்தில இல்லை பிள்ளை. மனிசர்தான் விளங்காத மாதிரி நடிக்கிறவை" என்றார். ஒருவரும் கேட்டு வராத நாய்களை ஊசி போட்டு முடிக்கவேண்டியதும் அவருடைய வேலைதான். அப்போது அவர் நாயின் காதை இரண்டு விரலால் மெல்ல நீவிக்கொண்டு, "பயப்பிடாதை ராசா, நான் இஞ்ச நிக்கிறன்" என்பார். அதை முடித்த பிறகு அந்தக் கூட்டைத் தானே கழுவிவிடுவார்.

அந்தக் காலத்தில் காப்பகத்துக்கு வந்து நாய் கேட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம். யார், எங்கே, எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் வெள்ளை வானில் அடிக்கடி வருவார். அவருடைய பேர் எனக்கு இப்போதும் தெரியும். எழுத விருப்பமில்லை, வான்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சிரித்த முகம், நல்ல மரியாதை. எனக்கு அவரைப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். அக்காவுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. "நாய் எடுக்க வாறவை முகத்தைப் பாப்பினம், கண்ணைப் பாப்பினம். இந்த மனிசன் துடையைப் பிடிச்சுப் பாக்கிறான்" என்றார் ஒருநாள். மன்னாரில் இறைச்சிக் கடைக்கு ஆடு பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவர் அவர். ஆடு வாங்க வந்தவர்களும் இப்படித்தான் துடையைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்றார். நான் அவரைக் கேலி செய்தேன். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்றேன்.

வான்காரர் ஒரு கறுத்த பெரிய நாயைக் கேட்டு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கா முன்மேசைக்கே வந்துவிட்டார். என்ன பேர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வான்காரர் சிரித்துக்கொண்டே, அதைப் பிறகு பார்ப்போம் என்றார். மறுக்க அக்காவுக்கு ஒரு சட்டமும் இல்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே வானுக்குள் ஏறியது. வான் போன பிறகும் அக்கா வாசலிலேயே நின்றார். "என்ர கையாலதானே குடுத்தனான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது அப்போது மிகையாகப் பட்டது.

இப்போது ஆட்டுக்கு வருவோம். நம்மவர்களுக்கும் ஆட்டிறைச்சிக்கும் உள்ள உறவை நான் விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் மனிதரைவிடச் செம்மறி அதிகம், ஆனால் அந்த மணம் நமக்குச் சரிவராது. வெள்ளாடு வேண்டும், அதுவும் எலும்போடு வேண்டும். ஊரில் பங்கு இறைச்சி போடுவது போல இங்கேயும் நாலைந்து குடும்பம் சேர்ந்து பங்கு போடுகிற வழக்கம் அந்த ஆண்டுகளில் தொடங்கியது. ஒருவர் சொல்லி ஒருவர் அறிந்து, ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹிப் பக்கம் தோட்டக் காணி வைத்திருக்கிற ஒருவர் வெள்ளாடு தருகிறாராம் என்று ஆனது. சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு வீட்டுக் கராஜுக்கு இறைச்சிப் பெட்டி வந்து இறங்கும். நாங்கள் இருந்த பாபடோயிட்டோப் பகுதியில் எங்கள் வீட்டுக் கராஜ்தான் பெரியது. ஆகவே பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இறங்கும்.

ஊரில் பங்கு போட்டால் ஆட்டை முதலில் எல்லோரும் பார்ப்பார்கள். தலை யாருக்கு என்பதில் ஒரு சண்டையாவது நடக்கும். இறைச்சிக் கடையில்கூட வாலை விட்டுத்தான் தொங்கவிடுவார்கள், இது ஆடுதான் என்று வாங்குகிறவன் பார்க்கவேண்டும் என்பதற்காக. இங்கே வந்த பெட்டிகளில் தலை இல்லை, வால் இல்லை, தோலும் இல்லை. துண்டு துண்டாக வெட்டி, பொலித்தீன் பைகளில் கட்டி, சுத்தமாக வந்தது. நாங்கள் ஒருவரும் தலை எங்கே என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் கோழிக்குத் தலை இல்லை, மீனுக்குத் தலை இல்லை, எல்லாமே தலையை வெட்டிவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. இது வெள்ளைக்காரனின் சுத்தம் என்று நினைத்துக்கொண்டோம். ஊரில் எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு பெட்டியை யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால், பெட்டியோடு தெருவில் எறிந்திருப்பார். இங்கே கலப்படம் கிடையாது, களவு கிடையாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம். ஒருமுறை பங்கு இறைச்சி சாப்பிட்ட பல வீடுகளில் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. புதிதாக வந்த மிளகாய்த்தூளின் மீது பழியைப் போட்டு அந்தத் தூளை எல்லோரும் குப்பையில் கொட்டினோம்.

என் மூத்த மகளின் பிறந்தநாள் வந்தது. வீடு நிறையச் சனம். இறைச்சிப் பிரட்டல் நான்தான் செய்தேன், பெரிய சட்டி. பிலோமினா அக்காவும் அண்ணையும் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நிற்கிற நேரம், அக்கா குசினியில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோப்பைகளை வழித்துக் கழுவிக்கொண்டிருந்தார். விடுங்கள் அக்கா என்று சொல்ல நான் போனபோது, அவர் ஒரு எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நீர் போய் பிள்ளைக்கு மெழுகுதிரியைக் கொளுத்தும்" என்றார். பிறகு வந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிப் பாடினார். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தார். போகும்போது அவருடைய கைப்பையில், காகிதத்தில் சுற்றிய சில எலும்புகள் இருந்திருக்கின்றன. எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் என்னைக் கதிரையில் இருத்தி, கையில் தண்ணீரைத் தந்துவிட்டுத்தான் சொன்னார்.

"யோகா, கத்தாதையும். உம்மட வீட்டில சமைச்சது ஆடு இல்லை."

"செம்மறியோ?"

"ஆட்டுக்கு முன்னங்காலில ரெண்டு எலும்பும் ஒட்டி ஒண்டாத்தான் இருக்கும். இது தனித்தனியா இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் தடவிப் பாக்கிற கால் பிள்ளை இது."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் எழும்பி ஓடினேன். அவர் பின்னாலேயே வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அருவருப்பா, அந்தச் சட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளை நினைத்தா, அல்லது உள்ளே குரைத்துக்கொண்டிருந்ததுகளை நினைத்தா? அக்கா அழவில்லை. அவருக்குக் கோபம். "எந்த நாய், என்ன வருத்தம், என்ன பூச்சி, நான் என்ன மருந்து குத்தினது, ஒண்டும் தெரியாது. அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையளின்ர வாயில வைக்கிறான்" என்றார். எங்கள் கராஜில் பெட்டி இறக்கியது ஒரு பெடியன்தான். ஆனால் அவன் வந்த வான் எது என்று என் கணவரைக் கேட்டோம். வெள்ளை வான், பக்கத்தில் ஒரு நசுங்கல் என்றார். அந்த நசுங்கலை நான் காப்பக வாசலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அக்கா எலும்புகளைக் கவுன்சிலில் கொடுத்தார், அவர்கள் அதில் தேர்ந்தவர்களிடம் காட்டிப் பார்த்தார்கள். அக்கா சொன்னதுதான் சரி. கவுன்சிலின் சுகாதார அலுவலர் நல்ல மனிதர், உட்காரவைத்து விளக்கினார். நாயைத் தின்னக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இல்லையாம். ஆனால் பரிசோதிக்காத இறைச்சியை விற்பது குற்றம், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது அதைவிடக் குற்றம். விற்றதை நிரூபிக்க வாங்கினவர்கள் வந்து சொல்லவேண்டும். ஒரு வீடு போதாது, பிறந்தநாள் எலும்பு ஒன்று எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்று விற்றவன் சொல்லிவிடுவான். பல வீடுகள் வந்தால் புக்கெகோஹிக் காணியில் அவன் வைத்திருக்கிற கொட்டிலைத் திறந்து பார்க்க வழியுண்டு. வெளியே வந்து காரில் ஏறியதும் அக்கா சொன்னார்: "அவன் இந்தக் கிழமையும் வருவான் யோகா. நான் இந்தக் கிழமையும் குடுக்கவேணும்."

செய்தி பரவியது. பரவினது எப்படியென்றால், எல்லோரும் அறிந்தார்கள், ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லையாம். பங்கு வாங்கின வீடுகள் எல்லாம் அந்தச் சனிக்கிழமை மட்டும் வெளியூர் போயிருந்தனவாம். போதாததற்கு, இது அந்தப் பசிபிக் தீவுக்காரச் சனத்தின் வேலைதான், அவர்கள் நாய் தின்பவர்கள் என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். அதை ஒரு அம்மா என் முன்னாலேயே அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு வந்ததே கோபம். "வித்தவன் வெள்ளைக்காரன். திண்டது நாங்கள். பழி மட்டும் அந்தச் சனத்துக்கோ? எனக்குப் பக்கத்து வீடு அவைதான். அவையின்ர நாய் துலைஞ்சு அந்தப் பிள்ளையள் அழுதுகொண்டு திரியுதுகள், தெரியுமோ?" என்றார். அந்த அம்மா அதற்குப் பிறகு அக்காவோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதைக் கதைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். பாபடோயிட்டோயில் வாடகைக்கு எடுக்கிற அந்த மண்டபம் உங்களுக்குத் தெரியும். அன்று நிரம்பி வழிந்தது. தலைவர் எழும்பி, இது ஒரு வதந்தி, இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். "கோட்டு, பொலிஸ் எண்டு போனா, விசாவுக்குக் காத்திருக்கிற சனம் என்ன செய்யிறது? ஊருக்குக் கடிதம் போகும். நாய் திண்டதுகள் எண்டு பேர் வந்தால் எங்கட பொம்பிளைப் பிள்ளையளை ஆர் கட்டுவினம்?" என்று கேட்டார். தலைகள் ஆடின. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மூன்று பெண்கள். திருச்சிக்காரரான கோபாலன் எழும்பி, "நான் சைவம், எனக்கு இதுல பேச உரிமை இல்ல. ஆமா, ஆனா பிள்ளைங்க சாப்பிட்டிருக்காங்களே சார், அத யோசிக்க வேண்டாமா?" என்றார். உங்களுக்கென்ன, நீங்கள் கத்தரிக்காய் தின்கிறவர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சனம் சிரித்தது. விஷயம் அத்தோடு முடிந்துவிடும் போல இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பிலோமினா அக்கா எழும்பினார். மேடைக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

"நான் திண்டனான்" என்றார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோகா வீட்டில, பிள்ளையின்ர பிறந்தநாளில. ஒருக்கா வாங்கி, ருசியா இருக்கெண்டு ரெண்டாம் தரமும் வாங்கித் திண்டனான். யோகாவின்ர கை அப்பிடி. நான் நாய்க்கு வைத்தியம் பாக்கிற டொக்டர், எனக்கே தெரியேல்லை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா நான் வெக்கப்பட்டு வீட்டில இருந்தால், அவன் அடுத்த சனிக்கிழமையும் பெட்டி இறக்குவான். இன்னொரு பிள்ளை திண்ணும். இன்னொரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவன்ர வானில ஏறும். நாளைக்கு நான் ஒஃபிசரிட்டப் போறன். ஆர் என்னோட வாறியள்?"

யாருடைய குழந்தையோ ஒன்று சிணுங்கியது. பிறகு என் கணவர் எழும்பினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது அன்றுதான். "பெட்டியை வாங்கி வைச்சது நான். நானும் வாறன்" என்றார். கடைசி வரிசையில் ஒரு இளம் தாய், இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்து இன்னும் விசா உறுதியாகாதவள், கைக்குழந்தையோடு எழும்பினாள். "அந்த இறைச்சி திண்ட பிறகு என்ர மூத்தவனை ஆசுப்பத்திரியில வைச்சிருந்தனான். மிளகாய்த்தூள் எண்டு சொன்னியள். விசா கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டிலும் சரி, நான் வாறன் அக்கா" என்றாள். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு என்று பங்கு வாங்கின வீடுகள் எல்லாமே எழும்பின. தலைவரும் கடைசியில் எழும்பினார். அவர் வீட்டிலும் இரண்டு முறை பங்கு இறங்கியிருந்தது.

ஒருவருடைய விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. புக்கெகோஹியில் அந்தக் கொட்டிலைத் திறந்தார்கள். அக்காவையும் வைத்தியராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே என்ன பார்த்தார் என்று அவர் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. "உயிரோட நிண்டதுகளை எல்லாம் கொண்டந்திட்டன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கறுத்த நாய் அவற்றில் இல்லை. நாய் இறைச்சி என்று கேட்டவர்களுக்கு நாயாகவும், ஆடு என்று கேட்ட எங்களுக்கு ஆடாகவும் விற்று வந்த அந்த வியாபாரம் நின்றது. வான்காரர் தண்டனை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார் என்று கேள்வி.

அக்கா அத்தோடு விடவில்லை. வீட்டைப் பார்க்காமல் ஒரு நாயும் காப்பகத்தை விட்டுப் போகக்கூடாது என்று மேலே சண்டை பிடித்து ஒரு விதி கொண்டுவந்தார். வேலை முடிந்து தன்னுடைய காரிலேயே போய்ப் பார்ப்பார். மாசியில் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறது. வேலியை ஆட்டிப் பார்த்தார், தண்ணீர் வைக்கிற இடத்தைக் கேட்டார். கடைசியில் அந்த வீட்டுச் சின்னப் பெண்ணிடம் குனிந்து, என்ன பேர் வைப்பாய் என்று கேட்டார். அவள் ஒரே மூச்சில் ஆறேழு பேர் சொன்னாள். "இது போதும், இனி நாயைக் குடுக்கலாம்" என்று தமிழில் சொல்லி என்னை இடித்தார். டெயரி என்று இங்கே சொல்கிற மூலைக் கடைகளின் கண்ணாடியில் 'நல்ல வீட்டுக்கு நாய்க்குட்டி இலவசம்' என்று ஒட்டுவார்களே, அதையும் விடவில்லை. கடை கடையாக ஏறி, போய் வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பேர் சொல்லாதவருக்கு நாய் இல்லை என்பது அவருடைய சட்டம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதலாம். ஆனால் இது அவரை அறிந்தவர்களுக்கு எழுதுவது. உங்களில் சிலர் அவருக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். 'நாய் திண்ட டொக்டர்.' எழும்பி நின்ற மற்ற எங்கள் ஒருவருக்கும் அந்தப் பேர் ஒட்டவில்லை, முதலில் எழும்பினவருக்குத்தான் ஒட்டியது. அவர் மண்டபத்துக்குள் வந்தால் பின்வரிசைப் பெடியள் மெல்லக் குரைப்பார்கள். பெற்றவர்கள் உதட்டுக்குள் சிரிப்பார்கள். அவருடைய மகளுக்குக் கிட்டத்தட்டச் சரிவந்திருந்த ஒரு சம்பந்தம் காரணம் சொல்லாமல் விலகியது. விழாக்களுக்கு அவர் கட்லட் பொரித்துக்கொண்டு வருவார். அந்தத் தட்டு மட்டும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. "விடும் யோகா. மிச்சம் வந்தால் எங்களுக்குத்தானே, இண்டைக்கு இராச் சமையல் இல்லை" என்றார். பிறகு காரில் வைத்து ஒரு கட்லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுது, அதுதான் சனம் எடுக்கேல்லை" என்றார். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

போன வருடம் இருதயம் பலவீனம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வேலையை விடச் சொன்னார்கள். விடவில்லை. கடைசியாக நான் பார்த்தபோதும் யாரோ ஒருவருடைய வேலியைப் பற்றித்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கப் பூசைக்குக் கோயில் கொள்ளாத சனம் வந்தது. குரைத்த பெடியள் வளர்ந்து, கோட்டுப் போட்டு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுத் தீவுக்காரக் குடும்பம் முழுவதும் வந்து, கல்லறையில் அவர்கள் மொழியில் பாடியது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நான் மரியதாஸ் அண்ணைக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். என் மனதில் கிடந்ததைச் சொன்னேன். என் வீட்டுச் சாப்பாட்டால்தானே அக்கா அந்தப் பேரைச் சுமந்தார், அதை நினைக்கத்தான் தாங்க முடியவில்லை என்றேன்.

அண்ணை என்னை விளங்காதவர் போலப் பார்த்தார்.

"எந்தச் சாப்பாடு பிள்ளை? அது தபசுகாலமெல்லோ. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவ இறைச்சி தொடமாட்டா. உங்கட வீட்டில அண்டைக்கு அவ சோறும் பருப்பும்தான் சாப்பிட்டவ. நானும்தான்."

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன்.

"ஒஃபிசரிட்ட உள்ளதைத்தான் சொன்னவ, எலும்பு கண்ட கதையை மட்டும். சபையிலதான் அப்பிடிச் சொன்னவ. வீட்டை வந்து நான் பேசினனான், ஏனப்பா இல்லாத பழியைத் தலையில போடுறீர் எண்டு. 'திண்ணாதவள் எழும்பிக் கூப்பிட்டால் அது புத்திமதி. ஒருத்தரும் வராயினம். திண்டவள் எழும்பினால்தான் திண்டவை எழும்புவினம்' எண்டா. பிறகு கோயிலுக்குப் போய், பொய் சொன்னதெண்டு பாவசங்கீர்த்தனமும் செய்தவ. மகளின்ர சம்பந்தம் குழம்பினபோது, இப்பவாவது உண்மையைச் சொல்லுமன் எண்டு கெஞ்சினனான். மாட்டன் எண்டிட்டா. 'இப்ப சொன்னால், அண்டைக்கு என்னை நம்பி எழும்பின சனம் தனிச்சுப்போயிடும்' எண்டா."

அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிக் குசினிக்குப் போய், அழுது முடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய வேலைத்திறமையைப் பற்றி, இரக்கத்தைப் பற்றி, எதற்கும் பயப்படாத குணத்தைப் பற்றி அன்று பலரும் நல்லபடியாகப் பேசினார்கள். எல்லாம் சரிதான், அவற்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஒரு சட்டி கறியைத் தொடாமலே, அதன் ருசியைப் புகழ்ந்து, எங்கள் அவமானம் முழுவதையும் தன் பேரில் எழுதிக்கொண்டு, மகளின் வாழ்வு வந்து இடித்தபோதும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் போன அந்த ஒரு பொய் எனக்கு வேண்டும். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.